உட்காருங்கள்!

விருந்தினரை வரவேற்க நமக்கு இரண்டு சொற்கள் போதும். ஒன்று 'வாங்க', மற்றது 'உட்காருங்க'. இந்திக்காரர்களுக்கும் அப்படியே: 'ஆயியே, பைட்டியே'. வீட்டுத் திண்ணையில் இதைவிட இதமான சொல் கிடையாது. அதே சொல்லை ஒரு கிராம சபைக் கூட்டத்தில் கேட்டுப்பாருங்கள். 'வாயை மூடு' என்பதற்கு அங்கே அதுதான் மரியாதையான மொழிபெயர்ப்பு.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. இந்த ஒரு சொல்லில் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து பெண் ஊராட்சித் தலைவர்கள் பன்னிரண்டு பேர் ராஜஸ்தானைப் பார்க்க வந்திருந்தார்கள். துபாஷியாக நானும் கூடப் போனேன். ஒரு கிராமத்தில் சபை கூடியிருந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் ஷாமியானா, முன்னால் ஒரு மேஜை, ஆறு நாற்காலிகள். நடு நாற்காலியில் தலைப்பாகைக்காரர் ஒருவர். ஓர நாற்காலியில் முகத்திரையை நெஞ்சு வரை இழுத்துவிட்ட ஒரு பெண். சர்பஞ்ச் யார் என்று நம் பெண்கள் கேட்டார்கள். ஓரத்தில் இருப்பவர்தான் என்றார்கள். அப்படியானால் நடுவில்? 'அவருடைய வீட்டுக்காரர்.' பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கிராமச் செயலர் வேலைப் பட்டியலை வாசித்தார். அதில் ஒன்று, கோயிலிலிருந்து மேற்குக் கோடி வரை சிமெண்ட் ரோடு, பணி முடிந்தது. பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்தார். அவர் பேசியது மேவாரி. பக்கத்திலிருந்த பள்ளி ஆசிரியர் எனக்கு இந்தியில் சொன்னார்: "ரோடு கிணற்றடியோடு நின்றுவிட்டது. மேற்குக் கோடி என்பது என் வீடு. என் வாசலில் மண்தான் இருக்கிறது. மிச்ச சிமெண்ட் எங்கே போயிற்று என்று கேட்கிறார்."

"பைட்டியே, மாஜி" என்றார் நடு நாற்காலிக்காரர். குரலில் கோபமே இல்லை. மூதாட்டி நின்றுகொண்டே இருந்தார். "பைட் ஜாவோ" என்றார் மறுபடியும். மரியாதை ஒரு படி இறங்கிவிட்டது. மூன்றாம் முறை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் பெண்களே ஓட்னியின் நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

நம் குழுவில் மூத்தவரான ஒரு தலைவர் என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி சொல்றாங்க?"

"உட்காரச் சொல்றாங்கம்மா."

"அது தெரியுது. பதில் என்ன சொன்னாங்க?"

மொழிபெயர்க்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

கூட்டங்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நம் நாட்டில் எழுதாத சட்டம் ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. கூப்பிட்டால்தான் பேச வேண்டும். பெரியவர்கள் முன் குரலை உயர்த்தக் கூடாது. சுருக்கமாகப் பேச வேண்டும். பெண்கள் பின்னால் இருக்க வேண்டும். சொந்தப் பிரச்சினையைக் கொண்டுவரக் கூடாது. பொதுப் பிரச்சினையைக் கொண்டுவந்தாலோ 'அரசியல் பேசாதே'. அத்தனையும் கேட்பவருக்கான விதிகள். பதில் சொல்ல வேண்டியவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு விதியும் கிடையாது.

இந்தக் கோளாறுக்குக் காரணம், அங்கே வந்து உட்காருபவர் யார் என்பதை நாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளாததுதான். 1992 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபை என்றால் என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது: அந்தக் கிராமத்து வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் அடங்கிய அமைப்பு. அவ்வளவுதான். அந்த மூதாட்டி மனு கொடுக்க வந்தவர் அல்ல, வேடிக்கை பார்க்க வந்தவரும் அல்ல. சபையின் உறுப்பினர். மக்களவைக்கு எம்.பி. எப்படியோ அப்படி.

மக்களவையிலும் 'பைட் ஜாயியே' நிறையவே கேட்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், சபாநாயகர்கள் அதிகம் உச்சரிக்கும் சொல் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கேள்வி நேரத்தில் கேட்டவர் உட்கார்ந்ததும் அமைச்சர் எழுந்திருக்க வேண்டும். ஒருவர் உட்காருவது இன்னொருவர் எழுந்து பதில் சொல்வதற்காக. நம் கிராம சபைகளில் கேட்டவர் உட்கார்ந்ததும் அடுத்த தீர்மானம்தான் எழுந்திருக்கிறது.

கேட்பவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பகலிலேயே 'தெளிவாக' வந்து மைக்கைப் பிடித்துக்கொள்பவரை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அண்ணன் தம்பி வரப்புத் தகராறைச் சபைக்குக் கொண்டுவருபவர் உண்டு. செல்போன் கேமராவை மட்டும் பார்த்துப் பேசிவிட்டு, பதில் வருவதற்குள் கிளம்பிவிடுகிற புது ரகமும் வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் 'கூடாது' என்பவரோ மிகப் பழைய ரகம். திருநெல்வேலிப் பக்கத்து மானூரில், சுமார் கி.பி. 800ஐச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இவருக்காகவே விதி வகுத்திருக்கிறது. சபையில் எந்தக் காரியத்துக்கும் 'அன்று, அன்று' என்று முட்டுக்கட்டை போடுபவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு அபராதம். எம்.ஏ. வகுப்பில் இந்த 'அன்று' என்ற சொல்லுக்கு 'அந்த நாளில்' என்று பொருள் எழுதி மதிப்பெண் இழந்தவன் நான். 'அல்ல' என்பதுதான் பொருள்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே கூட்ட ஒழுங்கைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று நாம் பெருமைப்படலாம்தான். ஆனால் அந்தச் சபை நிலப்பங்கும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கானது. நான் பார்த்த மூதாட்டி அதன் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. அங்கேயும் விதி, கேட்கிறவருக்கும் மறுக்கிறவருக்கும்தான்.

மக்களுக்கு ஒழுக்கம் கற்பிக்கிற தகுதி மேலே இருப்பவர்களுக்கு எவ்வளவு என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். தில்லி மாநகராட்சிக்கு 2022 டிசம்பரில் தேர்தல் நடந்தது. மேயரைத் தேர்ந்தெடுக்க 2023 பிப்ரவரி 22 வரை ஆயிற்று. மூன்று கூட்டங்கள் கூச்சலில் கலைந்தன. நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்பதை சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு நான்காவது கூட்டத்தில்தான் காரியம் நடந்தது. அன்றிரவே நிலைக்குழுத் தேர்தலில் தண்ணீர் பாட்டில்கள் பறந்தன, கைகலப்பு நடந்தது. அங்கே யாரும் யாருடைய ஓட்னியையும் பிடித்து இழுத்து உட்கார வைக்கவில்லை.

கூட்டத்தை நடத்துகிற விதத்தை மாற்றினால் கூட்டத்தில் நடந்துகொள்கிற விதமும் மாறும். இதை நமக்குச் செய்து காட்டியது கேரளம். 1996 ஆகஸ்டில் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்றார்கள். பணம் வந்தது இருக்கட்டும். எனக்குப் பெரிதாகப்படுவது மைக்கை ஓரம் கட்டியது. வரவேற்பும் விளக்கமும் முடிந்ததும் சபை சிறு குழுக்களாகப் பிரியும். விவசாயத்துக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, பெண்கள் விஷயத்துக்கு ஒன்று என்று தலைப்பு வாரியாக உட்காருவார்கள். ஒவ்வொரு குழுவிலும் பயிற்சி பெற்ற ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் எழுதிக்கொள்வார். ஆயிரம் பேர் முன்னால் எழுந்து நிற்கத் துணியாதவர் இருபது பேர் நடுவில் உட்கார்ந்தபடியே பேசிவிடுவார். உள்ளூர்ப் பிரமுகரின் பேச்சாற்றலுக்கு அங்கே வேலையில்லை. கேரளத்தில் சபை வார்டு வாரியாகக் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்ட வேண்டியது வார்டு உறுப்பினரின் பொறுப்பு. தொடர்ந்து தவறினால் பதவியே போய்விடும். ஒழுங்கு விதியை நாற்காலியில் இருப்பவர் மேல் போடுவது என்றால் இதுதான்.

காலப்போக்கில் அங்கேயும் உற்சாகம் குறைந்து, பயனாளி பட்டியலுக்காக மட்டும் வருகிற கூட்டம் ஆகிவிட்டது என்ற குறை உண்டு. இருந்தாலும் வழி தெரிந்துவிட்டது அல்லவா?

இன்னொரு வழியைக் காட்டியது ராஜஸ்தானேதான். அப்போது பாலி மாவட்டத்தில் இருந்த கோட் கிரானா என்ற கிராமம். 1994 டிசம்பர் 2ஆம் தேதி மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் அங்கே 'ஜன் சுன்வாயி' நடத்தியது. அரசு கூட்டிய கூட்டம் அல்ல அது. ஆனால் அரசுக் கூட்டங்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்குப் பாடமாக அமைந்தது. செய்தது மிக எளிய காரியம். பொதுப்பணிக் கணக்குகளையும் கூலிப் பட்டியலையும் உரக்க வாசித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி பெற்றார் என்று பெயரோடு வாசிக்க, அந்த இன்னாரே எழுந்து 'நான் அங்கே போகவே இல்லை' என்றார். யாரும் யாரையும் திட்ட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பதிவேடும் ஆளும் நேருக்கு நேர் நின்றால் குரலை உயர்த்த வேண்டியதில்லை. அங்கிருந்து கிளம்பிய கோரிக்கைதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்து முடிந்தது. அதே ஆண்டு வந்த வேலை உறுதிச் சட்டமும் தன் 17ஆவது பிரிவில், பணிகளைக் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுதியது.

மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜாரில் ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையை அளந்து, இருக்கிற தண்ணீர் எவ்வளவு என்று சபையில் கணக்குச் சொல்லி, எந்தப் பயிர் வைக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். அங்கே சண்டை குறைவாக இருந்தால் ஆச்சரியமில்லை. கணக்கு கண் முன்னால் இருக்கிறது.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு, பல மாநிலங்களில் பாதி இடங்கள் அவர்களுக்கு. நாற்காலி கிடைத்தது, ஆனால் ஓரத்தில். 'சர்பஞ்ச் பதி' என்ற இந்தப் பதவி அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. 2015இல் பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று பிரதமரே இதற்கு முடிவு கட்ட வேண்டும் என்று பேசினார். 2023இல் மத்திய அரசு இதை ஆராய ஒரு குழுவும் போட்டது.

வடக்கே பார்த்துச் சிரித்த நம் பன்னிரண்டு தலைவர்களும் அன்றிரவு தங்கள் ஊர்க் கதைகளைச் சொன்னார்கள். சிரிப்பு வரவில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு படம் உங்களுக்கு நினைவிருக்கலாம். மற்றவர்கள் நாற்காலியில், தலித் பெண் தலைவர் தரையில். 'உட்காருங்க' என்ற சொல்லுக்கு அதைவிடக் கொடிய உரை எழுத முடியாது. தமிழகக் கிராம சபைகளில் பேசியதையெல்லாம் எழுத்தாக்கி அலசிய ஓர் ஆய்வு 2019இல் அமெரிக்க அரசியல் அறிவியல் இதழ் ஒன்றில் வந்தது. பெண்கள் பேசுவது குறைவு என்பது எதிர்பார்த்ததுதான். அவர்கள் பேசினாலும் அதற்குப் பொருத்தமான பதில் வருவது ஆண்களைவிடக் குறைவு என்று அது கண்டது. தலைவர் பெண்ணாக இருந்த இடங்களில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது கூடியிருந்தது. நம் மூத்த தலைவர் கேட்டாரே, 'பதில் என்ன சொன்னாங்க' என்று, அந்தக் கேள்வியை அளந்து பார்த்த ஆய்வு.

கை தூக்கச் சொல்வதே சில சமயம் அநியாயம். கடன் கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கையில் யார் கை தூக்குவார்கள்? மகாராஷ்டிரத்தில் கிராம சபைக்கு முன்பு பெண்கள் தனியே கூடிப் பேச மகிளா சபை என்று வைத்தார்கள். சாராயக் கடையை மூடும் விஷயத்தில் ரகசிய ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில் என்று இரண்டு சின்னங்கள். பாட்டிலைப் படுக்க வைத்த ஊர்கள் பல.

சுருக்கமாகப் பேசுங்கள் என்கிற விதியையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்று அந்த மலைக் கிராமங்களே சொல்லட்டும் என 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 கிராம சபைகள் கூடின. மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் பார்வையாளராக இருந்தார். டோங்ரியா கோந்த் மக்கள் ஒவ்வொருவராக எழுந்து மலையைப் பற்றியும், தங்கள் தெய்வத்தைப் பற்றியும், ஓடைகளைப் பற்றியும் பேசினார்கள். நிகழ்ச்சி நிரலை வைத்துக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு இதெல்லாம் விஷயத்துக்கு வெளியே தோன்றியிருக்கலாம். அவர்களுக்கு அதுவே விஷயம். 12 சபைகளும் 'வேண்டாம்' என்றன. அவர்கள் பேசும் குவி மொழி நம் தமிழுக்கு உறவு, திராவிடக் குடும்பத்தது. 'அன்று' என்று சொன்னால் ஐந்து காசு அபராதம் கேட்க அங்கே யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

சரி, நம் ஊர்க் கூட்டத்துக்குப் போகிறவர் என்னதான் செய்வது? எனக்குத் தெரிந்தவரை, தனியாகப் போகாமல் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று, அதில் ஓர் எண்ணோ தேதியோ இருக்க வேண்டும். 'ஊழல்' என்று சொன்னால் சண்டை வரும்; 'எத்தனை மீட்டர்' என்று கேட்டால் பதில் வந்தாக வேண்டும். அதைக் காகிதத்தில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து மற்றதில் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம், கூட்டம் தொடங்குமுன் நீட்டப்படும் பதிவேட்டில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதிருப்பது. தேநீரோடு கிளம்பிவிடாமல் தீர்மானங்களை வாசிக்கும் வரை இருக்க வேண்டும். கூட்டம் நடந்தது எப்படியோ, பதிவேட்டில் நடந்ததுதான் நடந்தது.

அந்த ராஜஸ்தான் கிராமத்திலும் கடைசியில் பதிவேட்டுக்குத்தான் வந்தோம். நம் மூத்த தலைவர் அதைப் பார்க்க வேண்டும் என்றார். செயலர் சந்தோஷமாகவே காட்டினார், அழகான கையெழுத்து. ஒன்பது தீர்மானங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் 'சர்வ சம்மதி'. ஏகமனதாக என்று ஒன்பது முறை படித்துச் சொன்னேன்.

"அந்த அம்மா கேட்டது எங்க தம்பி?"

கேட்டேன். "அது கேள்வி, தீர்மானம் இல்லை" என்றார் செயலர். அப்போது முகத்திரைக்குள்ளிருந்து முதல் முறையாக ஒரு குரல் வந்தது. "லிக் தோ" என்றார் சர்பஞ்ச். எழுதிவிடு. செயலர் நிமிர்ந்து நடு நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. அவர் எங்கள் டிரைவரோடு வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். செயலர் பேனாவைத் திறந்தார். மூன்று வரி எழுதினார்.

பஸ் ஏறுமுன் அந்த ரோட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினோம். சிமெண்ட் கிணற்றடியில் சட்டென்று முடிந்தது. அப்பால் மண். அந்த மூதாட்டி வாசலில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார். எல்லாரும் உட்கார்ந்தார்கள், நம் மூத்த தலைவர் தவிர. அவர் கிணற்றடிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு வந்தார். கட்டில் வரை அறுபத்தெட்டு தப்படி.

"இதையும் எழுதச் சொல்லுங்க தம்பி" என்றார்.